ஆட்டம் நடக்கட்டும், கூட்டம் காத்திருக்கட்டும்



சென்ற இதழில் மழைக்காலத்தில் கம்பளி உடுப்புகளைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி கம்பளியை விட்டுவிட்டு வேறொரு விஷயம் கேட்டு எழுதியிருக்கிறார். "கொரோனா மாதிரி இன்னொரு வியாதி வந்தால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் மேட்ச் பார்க்கப் போகிறேன் என்று நிற்பார்கள். வேண்டாம் என்றால், 'மைதானம் திறந்த வெளிதானே அம்மா' என்பார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?"

நல்ல கேள்வி. விளையாட்டு ஆண்பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. மேட்சை யார் நடத்தினாலும், காய்ச்சலோடு வீடு திரும்புகிறவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நாம்தானே? அடுப்பங்கரையிலிருந்தே இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

சேப்பாக்கத்தில் நடந்தது

2021 பிப்ரவரியில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி சென்னைக்கு வந்தது. முதல் டெஸ்ட் 5-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ஆரம்பமாயிற்று. காலரியில் ஈ காக்கை கிடையாது. இங்கிலாந்துத் தலைவர் ஜோ ரூட் தம்முடைய நூறாவது டெஸ்டில் 218 ரன் எடுத்தார். கைதட்ட ஜனங்கள் இல்லை.

இரண்டாவது டெஸ்ட் 13-ஆம் தேதி, அதே மைதானம். இந்த முறை பாதி இருக்கைகளுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். ஒரு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? நம் சென்னைப் பிள்ளை அஸ்வின் 106 ரன் எடுத்து, எட்டு விக்கெட்டும் எடுத்தார். இந்தியா 317 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. டி.வி.யில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பழைய நாட்கள் திரும்பி வந்துவிட்டன என்றுதான் தோன்றியது.

பிறகு அதே அணிகள் அகமதாபாத்துக்குப் போயின. மார்ச் 12, 14 தேதிகளில் நடந்த இருபது ஓவர் ஆட்டங்களுக்கு ஒவ்வொரு நாளும் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். நோய் ஏறுகிறது என்று தெரிந்ததும் 16-ஆம் தேதி ஆட்டத்திலிருந்து கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்து புனேயில் நடந்த ஆட்டங்களுக்கும் ஜனங்களை விடவில்லை. ஏப்ரல் 9-ஆம் தேதி ஐ.பி.எல். சேப்பாக்கத்தில் தொடங்கியபோது மறுபடியும் காலி காலரிதான். இரண்டே மாதத்தில் ஒரே மைதானம் பூட்டிக் கிடந்து, பாதி திறந்து, மறுபடியும் பூட்டிக்கொண்டது.

அப்படியானால் சேப்பாக்கத்துக் கூட்டத்தால்தான் இரண்டாவது அலை வந்ததா? அப்படிச் சொல்வது நியாயமில்லை. அந்தப் பிப்ரவரி நடுவில் தமிழ்நாடு முழுவதற்கும் நாளொன்றுக்கு 500 பேருக்குக் குறைவாகத்தான் நோய் கண்டது. அதற்குப் பின் கல்யாணங்கள், திருவிழாக்கள், சந்தைகள், தேர்தல் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேர். இத்தனையையும் ஒரு மேட்சின் தலையில் கட்ட முடியாது.

ஆனாலும் இதில் நாம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 500 எங்கே, 36,000 எங்கே? நடுவில் மூன்று மாதம்தான். இந்த வியாதியில் அன்றைய கணக்கைப் பார்த்துத் தைரியம் கொள்ள முடியாது.

கணக்கு ஏன் பின்தங்குகிறது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கொரோனா கிருமி இன்று ஒருவர் உடம்பில் புகுந்தால் 2 நாளிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ தெரியும். காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர் மற்றவருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். காய்ச்சல் வந்த பிறகு இரண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்ப்பார். அப்புறம்தான் பரிசோதனை. அதற்கும் பிறகுதான் பேப்பரில் எண்ணிக்கை வருகிறது. ஆகவே இன்று பேப்பரில் படிப்பது ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு முந்திய கதை.

பால் காய்ச்சுகிற நமக்கு இது நன்றாகவே புரியும். வெகு நேரம் சும்மா இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஓரத்தில் குமிழி கிளம்பிவிட்டால், கரண்டி எடுக்கத் திரும்பும் நேரத்துக்குள் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். குமிழி கண்டவுடனே தீயைக் குறைக்கிறவள்தான் கெட்டிக்காரி.

திறந்த வெளிதானே?

பிள்ளைகள் சொல்வதில் பாதி வாஸ்தவம். திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போவதால் நோய் ஒட்டும் பயம் குறைவு. மூடிய அறையில்தான் அதிகம். இதை டாக்டர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

2020 மார்ச் 8-ஆம் தேதி மெல்போர்னில் நம் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடியதே, நினைவிருக்கிறதா? 86,174 பேர் வந்திருந்தார்கள். பெண்கள் கிரிக்கெட்டுக்கு அதற்கு முன் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. மூன்று நாள் கழித்துத்தான் உலக சுகாதார நிறுவனம் இது உலகம் பூராவும் பரவும் கொள்ளைநோய் என்று அறிவித்தது. அன்று பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கு நோய் இருந்தது பிறகு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயம் குறைவு என்றுதான் அந்த ஊர் அதிகாரிகள் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பையன் வீட்டிலிருந்து நேரே ஆகாயத்தில் பறந்து போய் காலரியில் உட்காருகிறானா? பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகிறான். வாசலில் வரிசையில் நிற்கிறான். விக்கெட் விழுந்தால் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தொண்டை கிழியக் கத்துகிறான். மெதுவாகப் பேசும்போது வருவதைவிடக் கத்தும்போது வாயிலிருந்து கிளம்பும் திவலைகள் பல மடங்கு அதிகம். இடைவேளையில் கழிவறை, டீக்கடை. ராத்திரி நாலு சிநேகிதர்களோடு ஜன்னல் சாத்திய ஒரு லாட்ஜ் ரூம். மைதானத்துக்குக் கூரை இல்லைதான். போகிற வழி, வருகிற வழி, தங்குகிற இடம் எல்லாவற்றுக்கும் கூரை இருக்கிறதே! அதற்கப்புறம் நம் வீடு. அங்கே பாட்டி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது.

என் தங்கை மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். அந்த இரண்டாவது டெஸ்டுக்கு டிக்கெட் கிடைத்ததும் போன் செய்தான். "பெரியம்மா, ஞாயித்துக்கிழமை மேட்ச் பாத்துட்டு அப்படியே பஸ் புடிச்சு குன்னூர் வந்துடறேன், பாட்டிய பாத்து ஒரு வருஷம் ஆச்சு" என்றான். பாட்டி என்றால் என் அம்மா. எண்பதை நெருங்குகிறாள். குளிர்காலம் வந்தால் மூச்சிரைப்பு. எங்களோடுதான் இருக்கிறாள்.

நான் அவனைத் திட்டவில்லை. "மேட்ச் பாக்கணும்னா போ ராஜா. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வாரம் மலை ஏறாதே. இல்லே, பாட்டிய பாக்கணும்னா மேட்ச் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு நீயே முடிவு பண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மேட்சுக்குத்தான் போனான். பாட்டியைப் பார்க்க மார்ச் முதல் வாரம் வந்தான், உடம்பு சரியாக இருக்கிறது என்று நிச்சயம் செய்துகொண்டு. கோபித்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது? சின்னவர்களுக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். அதன் விலையைப் பாட்டி கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை

இதே சிக்கல் அந்த வருஷம் தென்னாப்பிரிக்காவில் இன்னும் பெரிதாக வந்தது. அங்கே ரக்பி என்று ஒரு ஆட்டம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 15 பேர், தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கு நாட்டிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைப் பொறுக்கி 'லயன்ஸ்' என்று ஒரு அணி அமைத்து, நாலு வருஷத்துக்கு ஒரு முறை தூர தேசத்துக்கு அனுப்புவார்கள். தென்னாப்பிரிக்காவின் முறை பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். நம் மலையில் நீலக்குறிஞ்சி பூக்கிற கணக்கு! 1997, 2009, அப்புறம் 2021.

குறிஞ்சி பூக்கிற வருஷம் மலைக்கு வராதே என்றால் யாருக்கு மனசு கேட்கும்? சிலர் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்றார்கள். சிலர் பிரிட்டனிலேயே நடத்தலாம் என்றார்கள். ஆஸ்திரேலியா நான் நடத்துகிறேன் என்றது. கடைசியில் தென்னாப்பிரிக்காவிலேயே, ஆனால் கூட்டமில்லாமல் நடத்தினார்கள். அப்போது அங்கே நோயின் மூன்றாவது அலை. இரண்டு பக்கத்திலும் சிலருக்கு நோய் கண்டது. மூன்று டெஸ்டையும் கேப் டவுன் என்ற ஒரே ஊரில் வைத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்கா 2-1 என்று ஜெயித்தது.

கடைசி டெஸ்ட் நடந்தது 2021 ஆகஸ்ட் 7. அதே நாள்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். அங்கும் பார்வையாளர்களை விடவில்லை. ஜனங்கள் இல்லாததால் அந்தத் தங்கத்துக்கு மாற்றுக் குறைந்துவிட்டதா? கோடிக்கணக்கான வீடுகளில் உட்கார்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டோமே!

கூட்டமில்லாமல் நடத்தினால் மட்டும் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த 2021 ஐ.பி.எல்.லில் ஆட்டக்காரர்களை ஓட்டலிலேயே வைத்துப் பூட்டியும் நோய் உள்ளே புகுந்தது. மே 4-ஆம் தேதி நடுவில் நிறுத்தினார்கள். மீதி ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் துபாய்ப் பக்கம் நடந்தன.

நம் மலையின் கதை

எங்கள் நீலகிரியில் பெரிய மைதானம் இல்லை. ஆனால் கூட்டம் உண்டு. ஏப்ரல், மே வந்தால் சீசன். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி 1896-லிருந்து நடந்து வருகிறது. 2020-லும் 2021-லும் அது நடக்கவில்லை. 2021 ஏப்ரல் 20 முதல் வெளியூர்க்காரர்கள் எங்கள் சுற்றுலா இடங்களுக்கு வரவும் தடை போட்டார்கள்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று சமவெளிச் சகோதரிகள் கேட்கலாம். எங்கள் நிலைமை அப்படி. அப்போது பெரிய வைத்தியம் என்றால் மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கோயம்புத்தூருக்குத்தான் போகவேண்டும். ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி திறந்தது 2025 ஏப்ரலில்தான். 2021 மே கடைசி வாரத்தில் தினசரிக் கணக்கில் கோவை சென்னையையே முந்திவிட்டது. மூச்சுத் திணறுகிறவரை மலையிலிருந்து இறக்கினாலும் கீழே படுக்கை கிடைக்கவேண்டுமே?

எஸ்டேட் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரே சுவர், ஒரே கூரை, வரிசையாக ஏழெட்டுக் குடும்பம். ஒரு தண்ணீர்க் குழாய். காலையில் ஒன்றாக லாரியில் ஏறிக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள், ஒன்றாக நின்று எடை போடுகிறார்கள். அங்கே போய், காய்ச்சல்காரருக்குத் தனி அறை ஒதுக்குங்கள் என்றால் எங்கே ஒதுக்குவது?

வியாதி ஊர்விட்டு ஊர் பிரயாணம் செய்வது எங்கள் குன்னூருக்குப் புதிதல்ல. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கிறதே பாஸ்டியர் நிலையம், 1907-இல் ஏற்பட்டது, அங்கே முன்பு இன்ஃப்ளுயன்ஸா ஆராய்ச்சி மையம் இருந்தது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு கப்பலில் ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ வந்து இறங்கியது. அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் இந்தக் குன்னூர் மையத்துக்காரர்கள்தான். அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். ஒரு கப்பல் ஜனங்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் இறங்கி அவரவர் ஊருக்கு ரயில் ஏறியதும் நோயும் ஏறிவிட்டது. மேட்ச் கூட்டமும் அப்படித்தான். மைதானத்தில் இருக்கிற வரைக்கும் ஒரே கூட்டம். கலைந்தால் ஆயிரம் வீடு.

தம்பி கேட்ட கேள்வி

இதுவரை எழுதியதை என் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் டாக்ஸி ஓட்டுகிறான். உடனே சொன்னான்: "கூட்டம் வேண்டாம்னு சொல்றது சுலபம் அக்கா. சீசன்ல ரெண்டு மாசம் வண்டி ஓடினாத்தான் எனக்கு வருஷம் பூரா அடுப்பு எரியும். ரெண்டு வருஷம் சீசனே இல்லாம நான் பட்டது உனக்குத் தெரியாதா?"

தெரியும். இரண்டு வண்டியில் ஒன்றை விற்றான். மற்றதுக்கு இன்சூரன்ஸ் கட்டத் தம்பி மனைவி காதுத் தோட்டை அடகு வைத்தாள். குதிரைக்காரர், வர்க்கி விற்கிறவர், லாட்ஜில் துணி துவைக்கிறவர் எல்லாருக்கும் இதே பாடுதான். சேப்பாக்கத்து வாசலில் சுண்டல் விற்கிறவருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?

அதனால் கூட்டம் வேண்டாம் என்று சொல்கிற நாம் அதோடு நிறுத்திவிடக் கூடாது. காலி மைதானத்தில் ஆட்டம் நடந்தால் டி.வி.க்காரர் பணம் வருகிறது, ஆட்டக்காரருக்குச் சம்பளம் வருகிறது. சுண்டல்காரருக்குத்தான் ஒன்றும் வருவதில்லை. 2021 மே, ஜூனில் தமிழ்நாட்டு அரசு அரிசிக் கார்டு ஒன்றுக்கு இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைச் சாமானும் கொடுத்தது. அந்த மளிகைப் பை தம்பி வீட்டுக்கு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரு சீசன் வருமானத்துக்கு அது எந்த மூலைக்கு? கூட்டத்தை நிறுத்துகிறபோது, ஆட்டத்தில் வருகிற பணத்திலிருந்தும் அரசாங்கத்திலிருந்தும் அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு பங்கு போகவேண்டும். ஊர் நன்மைக்காக அவர்கள் கடையைச் சாத்துகிறார்கள். அந்த நஷ்டம் அவர்கள் ஒருவர் தலையில் மட்டும் விழலாமா?

"இதையும் எழுது" என்றான் தம்பி. எழுதிவிட்டேன்.

பிள்ளைகளுக்குச் சொல்லும் பதில்

இனி கடிதம் எழுதிய சகோதரிக்கு. ஆட்டமே கூடாது என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வியாதிக் காலத்தில் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம் வேண்டும். ஆட்டம் நடக்கட்டும், வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். கூட்டம்தான் காத்திருக்க வேண்டும். எதுவரைக்கும் என்றால், கீழே உள்ளவற்றுக்கு நல்ல பதில் கிடைக்கும் வரைக்கும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சேர்ந்தே யோசியுங்கள்.

1. நோயின் கணக்கு மூன்று, நாலு வாரமாக இறங்குகிறதா? ஒரு நாள் குறைந்ததை நம்பவேண்டாம்.

2. ஊர் ஆஸ்பத்திரியில் படுக்கையும் ஆக்ஸிஜனும் கைவசம் இருக்கிறதா? இல்லையென்றால் எத்தனை மைல் போகவேண்டும்?

3. வீட்டில் முதியவர், சர்க்கரை வியாதிக்காரர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, கைக்குழந்தை யாராவது உண்டா? தடுப்பூசி வந்திருந்தால் அவர்கள் போட்டுக்கொண்டாயிற்றா?

4. போக வர என்ன வண்டி? தங்குவது எங்கே? மைதானத்தைவிட இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

5. திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரம் தனியாகப் படுக்க வீட்டில் ஓர் அறை இருக்கிறதா? இல்லையென்றால் சிநேகிதன் வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருக்க முடியுமா?

6. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்ப்பது யார்? அவளும் படுத்துவிட்டால் அப்புறம் யார்?

கடைசிக் கேள்வியை எந்த மைதானக்காரரும் கேட்க மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய் ஆறடி தள்ளி நின்று கொடுக்க முடியுமா? மாமியாரைத் தூக்கி உட்கார வைக்கிற மருமகள் கை படாமல் தூக்க முடியுமா? வீட்டுப் பெண் ஒருத்தி படுத்தால் ஐந்து பேர் சாப்பாடு நிற்கிறது.

2022 மே 20-ஆம் தேதி ஊட்டி மலர்க் கண்காட்சி மறுபடி திறந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த கூட்டம் வந்தது. தம்பி வண்டி ஓடிற்று. பூக்களும் அப்படியே இருந்தன. காத்திருந்ததால் யாருக்கும் கண்காட்சி இல்லாமல் போய்விடவில்லை என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், சகோதரி. நிச்சயம் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த இதழில், பனிக்காலத்தில் குழந்தைகளுக்குச் சளி கட்டாமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதுகிறேன்.